வழியனுப்புக் காப்பி

யாக்கூ படிப்புக்காகத் தெற்கே தலைநகரத்துக்குப் போகிறான் என்பது அவன் மனைவி இவாலுவைத் தவிர, வடதுருவத்துப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் முன்பே எனக்குத் தெரியும். ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கோடையில் அவனுடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். கப்பல் இயந்திரப் படிப்பு, இரண்டு வருடம். இடம் கிடைத்ததும் வீட்டில் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். அக்டோபரில் கிடைத்துவிட்டது. அவன் சொல்லவில்லை.

இவாலு என் சிநேகிதி. சிறு வயதிலிருந்து ஒன்றாகவே வளர்ந்தோம். குளிர்காலத்தில் சூரியன் எழுவதே நின்றுபோன பிறகு, பகலில் பாதி நேரம் அவள் என் சமையலறையில்தான் இருப்பாள். அந்தக் குளிர்காலத்தில் கடல்மேல் பனி உறுதியாகப் பிடிக்கவே டிசம்பர் ஆகிவிட்டது. யாக்கூ நாய்கள் இழுக்கும் ஸ்லெட்ஜை எடுத்துக்கொண்டு பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவான். வீட்டில் இவாலுவுக்கு வேலை ஓயாது. குடிக்கப் பனிக்கட்டி உடைத்து உருக்க வேண்டும். மகள் பிபாலுக்கைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பன்னிரண்டு நாய்களுக்கும் உறைந்த சீல் இறைச்சியைக் கோடரியால் வெட்டிப் போட வேண்டும். அவற்றில் நான்கு கொஞ்ச நாளாக யாக்கூவின் தம்பி எலியாஸ் வீட்டில் நின்றன. இரவலாகக் கொடுத்திருப்பதாக யாக்கூ சொன்னதை அவள் நம்பியிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கே நர்ஸ் படிப்புக்கு இடம் வந்தது. அதே தலைநகரத்தில்தான். நாயும் பனியும் இல்லாத ஊரில் நான் என்ன மனுஷனாக இருப்பேன் என்று யாக்கூ கேட்டான். ஒரு வாரம் அழுதாள். பிறகு வேண்டாமென்று எழுதிப் போட்டாள். அந்தக் கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஜனவரி நடுவில் ஒரு வியாழக்கிழமை மதியம். வானம் தெற்கே மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. இவாலு என் மேசையில் உட்கார்ந்து பிபாலுக்கின் கையுறைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊர் வானொலியில் மதிய அறிவிப்புகளை வாசித்தார்கள். ஒரு பிறந்த நாள். கடைக்குச் சரக்கு தாமதம். அப்புறம், யாக்கூ படிக்கப் போவதை முன்னிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு எலியாஸ் வீட்டில் வழியனுப்புக் காப்பி, எல்லோரும் வரவும்.

எலியாஸின் மனைவி கொடுத்த அறிவிப்பு அது. இதற்குள் இவாலுவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

இவாலு கையிலிருந்த தையலை முடித்து நூலைக் கடித்தாள். என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்துதான் யாரோ சொன்னாங்க," என்றேன். வாயில் அதுதான் வந்தது.

கையுறையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் வீட்டில் அன்றைக்கு நடந்ததைப் பின்னால் எலியாஸின் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

யாக்கூ மீனோடு வந்து ஈரக் காலணியைக் கழற்றும்வரை இவாலு எதுவும் கேட்கவில்லை. கேட்டபோதும் குரலை உயர்த்தவில்லை. அவன் முதலில் வானொலிக்காரர்களைத் திட்டினான். பிறகு, நல்ல வேளை பார்த்துச் சொல்ல இருந்தேன், அங்கே வீடு கிடைத்ததும் உங்களைக் கூப்பிட்டுக்கொள்ள இருந்தேன் என்றெல்லாம் சொன்னான்.

"நீ அழுவியேன்னு பயந்தேன்," என்றான் கடைசியில்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் அழுதப்ப நீ பயப்படலையே."

அப்போதுதான் இவாலு மகளைக் கவனித்திருக்கிறாள். ஒன்பது வயதுப் பெண், மேசையில் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. தலை நிமிரவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"உனக்குமா?"

"அப்பா சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு," என்றாள் பிபாலுக்.

அதற்குமேல்தான் இவாலு உட்கார்ந்தாளாம். யாக்கூ தன்மேல் விழுந்த பாரத்தைக் கொஞ்சம் இறக்க நினைத்தானோ என்னவோ, விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே உன் சிநேகிதிதான், அவளே ஒன்றும் சொல்லவில்லை பார் என்று சொல்லியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு ஊரே வந்தது. கேக்கு ஐந்து வகை. யாக்கூ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். இவாலு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வெளியே நாய்கள் குரைத்தன. எட்டிப் பார்த்தோம். நீல வெளிச்சத்தில் இவாலு குனிந்து அந்த நான்கு நாய்களையும் சங்கிலியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எலியாஸ் தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போனான்.

"அண்ணி, அண்ணன் எனக்குக் குடுத்துட்டான்," என்றான்.

"குட்டியிலேர்ந்து தீனி போட்டது நான். என்னைக் கேட்டானா?"

எலியாஸ் திரும்பி உள்ளே பார்த்தான். யாக்கூ, "விடுடா," என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டுக் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாய்கள் அவளை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கின. ஒரு தடவை சறுக்கி விழுந்து எழுந்தாள். அப்புறம் யாரோ சர்க்கரை கேட்டார்கள்.

சூரியன் திரும்பி வந்த வாரத்தில் யாக்கூ ஹெலிகாப்டரில் போனான். பிபாலுக் போய்க் கையசைத்தாள். இவாலு அப்போது பன்னிரண்டு நாய்களோடும் பனிமேல் இருந்தாள். முதல் இரண்டு வாரம் அவளுக்கு மீனே விழவில்லை. தூண்டில் கயிறு சிக்கிக்கொண்டே இருந்தது, விரல்கள் வெடித்தன. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் ஸ்லெட்ஜ் நிறையக் கொண்டுவந்தாள். மறுபடியும் நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போடலாமே என்று ஒரு நாள் கடையில் வைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருவதாகச் சொல்ல வாய் வரவில்லை. யோசிக்கிறேன் என்றாள், கடைக்காரனிடம் பேசுகிற குரலில்.

மார்ச்சில் ஒரு காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிபாலுக் பெரிய மீன் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறார்களாம்.

"அம்மா உள்ள வரலையா?"

"இல்ல, நாயைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க."

வெளியே வந்தேன். இவாலு ஸ்லெட்ஜின்மேல் உட்கார்ந்திருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். காதில் விழுந்தது, தோள் அசைந்தது, ஆனால் திரும்பவில்லை. மகள் ஏறிக்கொண்டதும் நாய்களுக்குக் குரல் கொடுத்தாள்.