தட்டில் நின்ற புற்று

எங்கள் ஊர் பாக்சோங்கில் பேன் வந்தால் சீத்தாக்கொட்டையை இடித்து எண்ணெயில் குழைத்துத் தலையில் பூசுவார்கள். கண்ணில் இறங்காதபடி துணியை இறுக்கிக் கட்டுவார்கள். இறங்கினால் பார்வை போகும் என்று பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். கைக்குண்டுக்கே இங்கே சீத்தாப்பழம் என்றுதான் பெயர். அந்தக் கொட்டையைத்தான் என் அக்கா லமை இரண்டு வாரமாகத் தின்றிருக்கிறாள்.

பழக்கூழ் ஆலையில் இரவு வேலை முடித்து வந்தபோது அவள் வாளிக்குள் தலையை விட்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் தட்டு. அதில் ஒட்டரிசிச் சோறு, மேலே பழுப்புத் தூள். அவளுடைய மார்புக் கட்டியை அகற்றக் கோராட் நகர மருத்துவமனையில் வரும் திங்கட்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள்.

“யாரு குடுத்தது இது?”

“சங்வான் அக்கா. வாந்தி வந்தா நல்லதாம். விஷம் இறங்குதாம்.”

சங்வான் தெருமுனையில் மூலிகைக் கடை வைத்திருப்பவள். போய்க் கத்தினேன். அவள் பதறவே இல்லை. கைபேசியை எடுத்து உரக்க வாசித்தாள்.

“‘சீத்தாக்கொட்டைச் சாறு, தட்டில் இருந்த புற்றணுக்களின் வளர்ச்சியைத் தடுத்தது.’ பல்கலைக்கழகமே சொல்லுது தம்பி. அதான் தட்டுல வச்சுச் சாப்பிடச் சொன்னேன். கிண்ணத்துல கூடாது.”

“அது சோத்துத் தட்டு இல்ல! ஆய்வுக்கூடத்துல அணுவை வளக்குற தட்டு. அதுல மனுஷன் கிடையாது, கல்லீரல் கிடையாது. பினாயிலை ஊத்துனாலும் அதுல புத்து வளர்றது நிக்கும். நீ குடிப்பியா?”

“எனக்கென்ன புத்தா வந்திருக்கு? படிப்பைப் பாதியில விட்டுட்டு ஓடுன டாக்டர் சொல்றாரு, எல்லாரும் கேட்டுக்குங்க!”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மருந்தியலை இரண்டாம் ஆண்டில் விட்டவன்தான் நான். அந்தத் தட்டைக் கையில் பிடித்துப் பார்க்கும் அளவுக்குப் படித்திருந்தேன். ஆராய்ச்சி பொய் இல்லை. என்றைக்காவது அதிலிருந்து ஒரு மருந்து வரலாம், வராமலும் போகலாம். அதை எழுதத்தான் செய்தி போட்டவனுக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“கல்லீரல் கெட்டுப்போயிருக்கு. அது தேறுற வரைக்கும் கத்தி வைக்க முடியாது.”

“அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குமா?”

“இருக்காது,” என்றார்.

ஊர் திரும்பினோம். தெருமுனையிலேயே சங்வான் வண்டியை மறித்தாள்.

“வெட்டாமலே அனுப்பிட்டாங்களா? பாத்தீங்களா, என் தூளு வேலை செஞ்சிருச்சு!”

கடையில், கழுத்தில் துணி சுற்றிய ஒரு பெண் உடனே இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கினாள். நான் வண்டியைப் போட்டுவிட்டுச் சங்வான் மேல் கையை ஓங்கினேன். அக்கா பிடித்துக்கொண்டாள்.

“நீ சும்மா இரு கம்போன். வெட்டணும், வெட்டணும்னு நீங்க எல்லாரும் சொன்னீங்க. வேண்டாம்னு சொன்னது இவ ஒருத்திதான். அதான் தின்னேன்.”

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துக் கடை வாசலை அடைத்துப் போட்டாள். அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டு பொட்டலத்தையும் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என் கையைப் பாரு. மஞ்சப் பூசுன மாதிரி இருக்குல்ல? இதைத் தின்னு கல்லீரலைக் கெடுத்துக்கிட்டவ நான்தான். என்ன கேக்கணுமோ என்கிட்ட கேளு.”

“லமை, எந்திரி. வியாபாரத்தைக் கெடுக்காதே,” என்றாள் சங்வான்.

அக்கா எழவில்லை.

“அடுத்த ஆள் வரட்டும்,” என்றாள்.