வேரோடு எடுத்த கயிறு

ஸ்ரீமதி அறுத்தெறிந்த தாலிக்கயிறு மறுநாள் விடியும்போது அவள் கழுத்தில் திரும்பவும் முளைத்திருந்தது. அன்றைக்கு அருப்புக்கோட்டைச் சந்தையில் சின்ன வெங்காயம் கிலோ எழுபது ரூபாய். அந்த விலையைப் பற்றி அவள் அம்மா முத்துமணிக்குக் கவலையில்லை. அவள் வெங்காயம் வாங்கி வருஷக்கணக்காகிறது. விளைந்ததைக் காய்ந்த தாளோடு பின்னித் தறிக்கூடத்து உத்தரத்தில் தொங்கவிடுவாள். நறுக்கும்போது வேர்ப்பக்கத்தை எறியாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவாள், தாள் விடும். பழைய பெயிண்டு வாளிகளில் மல்லியும் புதினாவும். குழாயில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வீட்டில் வெட்டியது எதுவும் முளைக்காமல் இருந்ததில்லை. அதனால் கயிறு முளைத்ததில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை, பயம்தான் வந்தது.

ஸ்ரீமதி புருஷன் வீட்டு ஊரான பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது கையில் தோசைக்கரண்டிச் சூடு இருந்தது. புருஷன் ஹரிஹரசுதன் வைத்தது. அப்பா சௌடையா தறியை நிறுத்தி அதைப் பார்த்தார், மறுபடி ஓட்டினார். அவள் தாலித் தங்கத்தைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டு, கயிற்றைக் கத்தரியால் வெட்டினாள். வெட்ட வெட்ட முளைத்தது, முன்னைவிடத் தடிப்பாக, புது மஞ்சள் வாசத்தோடு.

"சாமியே சேத்து வைக்கிது முத்துமணி. பேசாம பிள்ளைய அவுக வீட்லயே கொண்டுபோய் விட்ரு" என்றாள் எதிர்வீட்டு வெள்ளைத்தாய். தெருவும் அதையே சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வெட்கத்தைவிட்டுச் சொன்னால், முத்துமணியே மகளின் பையை ஒருநாள் எடுத்து வாசலில் வைத்தவள்தான்.

கடைசியாக ஒரு தடவை தலைவாரிவிடலாமென்று மகளை உட்கார வைத்தபோதுதான் கழுத்தைக் கவனித்தாள். காம்பாக இளைத்திருந்தது. தண்ணீரில் நிற்கும் வெங்காயம் தன்னையே தின்றுதான் தாள் விடும். தாள் பச்சையாக இருக்கும், அமுக்கினால் உள்ளே வெறும் தோல். கயிறு எதைத் தின்கிறதென்று அவளுக்குப் புரிந்தது. பையைத் தூக்கி உள்ளே எறிந்தாள்.

எத்தனை தடவை வெட்டியும் பிடரியில் மூன்று முடிச்சும் தோலோடு ஒட்டிக்கொண்டே இருந்தன. நல்லெண்ணெய் தடவி, முடிச்சோடு பிடித்து இழுத்தாள்.

"வலிக்குதாடி?"

"இழும்மா."

ரத்தத்தோடு வெள்ளை வேர்கள் வந்தன. கரிசல் மண் நிரப்பிய வாளியில் ஊன்றினாள். மகள் கழுத்தில் அப்புறம் ஒன்றும் முளைக்கவில்லை. வாளியில் முளைத்தது. பக்கத்து மல்லியெல்லாம் கருகியது. குனிந்து தண்ணீர் ஊற்றுகிறவரின் கழுத்தை நோக்கிக் கயிறு மெல்ல நிமிர்ந்தது. அதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதென்று சௌடையா வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். லக்கேஜ் டிக்கெட் எடுத்தார். பாளையம்பட்டி வாசலில் இறக்கி வைத்து, "ஒங்க வீட்டுப் பொருளு. கிட்டப் போகாதிக" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஹரிஹரசுதன் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தான்.

சித்திரை வெயிலிலும் அவன் கழுத்துப் பட்டனைக் கழற்றுவதில்லை. ஆள் பாதியாகிவிட்டான். ஸ்ரீமதி டவுனில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள், கன்னம் தேறியிருக்கிறது. ஒருநாள் ஹரிஹரசுதனின் அம்மா தங்கலட்சுமி வந்து, மகன் கழுத்திலிருந்து கயிற்றை எடுப்பது எப்படி என்று கேட்டு அழுதாள். முத்துமணி மறைக்கவில்லை.

"வேரோட இழுத்தா வந்துரும் மதினி. மண்ணுல ரொம்ப நாள் நிக்காது. அப்பறம் யாராச்சும் கழுத்தக் குடுக்கணும். நீங்க குடுப்பீகளா?"

தங்கலட்சுமி முந்தானையால் கழுத்தை இறுகப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் மகனுக்குக் கயிறு வெட்டிவிட்டுத்தான் பால் வாங்கப் போகிறாள்.