செம்பில் இறங்கிய அம்மன்

பூமி குலுங்கிய அன்று சூரியநெல்லி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பாதி சரிந்தன. காளியம்மன் கோயிலும் சரிந்தது. லயங்களை எட்டிப் பார்க்க நாதியில்லை; கோயிலுக்கு மட்டும் ஒரு பாரம்பரிய மீட்புக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது. மலையேறி வந்த முதல் தேயிலைத் தொழிலாளர் கூட்டம் கருங்கல் சுமந்து கட்டிய அபூர்வமான கோயிலாம். தலைமுறை தலைமுறையாக அங்கே விழுந்து கும்பிட்டவர்களுக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

பகலில் கொழுந்து பறித்து, செவ்வாய் வெள்ளியில் அம்மனுக்குப் பூசை வைப்பவள் கற்பகம். அப்பாவுக்குப் பிறகு அந்த உரிமை அவளுக்கு வந்தது. தம்பி பாண்டித்துரை டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன், நாலு பாஷை பேசுவான். குழுவில் அவனையும் சேர்த்துக்கொண்டதும் கற்பகத்துக்குத் தலைகால் புரியவில்லை. நம் வீட்டுப் பிள்ளை உள்ளே இருக்கிறான், இனி என்ன கவலை?

"அக்கா, கல்லைப் பிரிக்கணும்னா அம்மனைச் செம்புல இறக்கணும்லா? நீ இறக்கி லயத்துக்குக் கொண்டு போ. வேலை முடிஞ்சதும் நானே மேளம் வெச்சுக் கூட்டிட்டு வாரேன்," என்றான்.

நியாயமான பேச்சுதான். சாமி இருக்கும்போது கருவறையில் கடப்பாரை போட முடியுமா? திருப்பணி முடியும்வரை தெய்வத்தைச் செம்புத் தண்ணீரில் இறக்கி வைப்பதும், பிறகு அந்தத் தண்ணீரைச் சிலைமேல் ஊற்றி மறுபடி ஏற்றுவதும் வழிவழியாக நடப்பது. கற்பகம் விரதமிருந்து இறக்கினாள். "ஆத்தா, உன் வீட்டுக்கே உன்னைத் திரும்பக் கூட்டிட்டு வாரேன். இது சத்தியம்," என்று சொல்லித்தான் செம்பைத் தலையில் தூக்கினாள்.

மறுநாள் குழுவின் பெரிய அதிகாரி, ஒரு மலையாளி, வந்தார். பாண்டித்துரை அக்காளை அவர்முன் கொண்டுபோய் நிறுத்தினான்.

"தேவி இப்போ உள்ளே உண்டோ?" என்று கேட்டார் அவர்.

"இல்ல சாரே. லயத்துல இருக்கா. இங்க வெறுங்கல்லுதான்."

தம்பி பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

வேலை நன்றாகவே நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது. சிதறிய கற்களைத் தேடி எடுத்து, கல்லுக்குக் கல் பொருத்தி, பழைய கோயிலை அப்படியே நிமிர்த்திவிட்டார்கள். கற்பகம் செம்பைத் தலையில் ஏந்தி, லயத்துப் பெண்கள் குலவையிட, ஏறிப் போனாள். வாசலில் புதுக் கம்பிக் கேட் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து புதுச் சட்டையில் பாண்டித்துரை வந்தான்.

"அக்கா, இது இப்பக் கோயில் இல்ல, மியூசியம். சாமி குடியிருந்தா சனம் வரும், பொங்கல் வெக்கும், கிடா வெட்டும், கல்லு பாழாயிரும்னு குழுவுல யோசிச்சாங்க. சாமி இல்லைன்னா எடுத்துக் கட்டுதோம்னாங்க. நீதானே வெறுங்கல்லுன்னு சொன்னே?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்லே! உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"சொன்னா நீ இறக்கியிருக்க மாட்டியே. கோவப்படாதக்கா, உனக்கும் இங்க வேலை பேசியிருக்கேன். டூரிஸ்ட் வரையில பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, பூசை செய்யுத மாதிரி செஞ்சு காட்டுனாப் போதும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் தயார், பூசாரியும் தயார், இடம்தான் இல்லை. ஊரான் ஏமாற்றியிருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அவள் தூக்கி வளர்த்த தம்பி அல்லவா, அவள் வாயாலேயே அவள் தெய்வத்தை வீடற்றவளாக்கியிருக்கிறான்! கற்பகம் செம்போடு இறங்கி வந்தாள்.

லயத்து ஓரம் தகரக் கொட்டகையில் செம்பை வைத்து விளக்கேற்றினாள். சாயங்காலம் எல்லாரும் வந்து திருநீறு வாங்கிப் போனார்கள். கடைசியில் பாண்டித்துரை வந்து கையை நீட்டினான்.

"நாளைக்குத் திறப்பு விழாக்கா. மனசு படபடங்குது. துன்னூறு குடு."

"அங்கயே போய்ப் பூசிக்கிட வேண்டியதுதானே?"

"அங்கதான் சாமி இல்லையே."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றான். கற்பகம் திருநீற்றுத் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"இங்கயும் உனக்கு இல்லலே," என்றாள்.