நாலடிக்குக் கீழே தண்ணீர்

இன்னைக்கு யாரும் அளவு எடுக்கலியே.

இறந்துபோன நைனாவின் தலையில் கடைசிச் சொம்புத் தண்ணீரை ஊற்றும்போது தேவயானிக்குத் தோன்றியது அதுதான். சொம்பை வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஈரப்புடவையோடு கோரைப்பள்ளத்துக்கு நடந்தாள்.

திருப்பதி ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே ஒரு குழாயைப் புதைத்துப் பதினோரு வருஷமாகிறது. தினமும் காலையில் நைனா அதற்குள் டேப்பை இறக்கி, நிலத்தடித் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று பார்ப்பார். முதல் வருஷம் அரை அடி. இன்று அவள் இறக்கிப் பார்த்தபோது நாலடி.

குனிந்து கையால் கிளறினாள். காப்பித்தூள் போல உலர்ந்த கருமண். அதற்குள் ஒரு கோரைத்தண்டு, நரம்புகூட அழியாமல். மூவாயிரம் வருஷத்துக் கோரை என்றிருந்தார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். தண்ணீர் மூடியிருந்ததால் மக்கவில்லை, அன்றைக்குக் காற்றிலிருந்து வாங்கிய கார்பனை இன்னும் வைத்திருக்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து நைனா செருப்போடு பள்ளத்தில் இறங்கியதில்லை. அவளும் செருப்பை வரப்பிலேயே விட்டிருந்தாள்.

டிராக்டர் வந்து நின்றது. கோவர்த்தனன் சித்தப்பா கட்டைகளை இறக்கத் தொடங்கினார்.

"இங்கியா கீற? எல்லாரும் உன்ன தேடிக்கினு கீறாங்க."

"கட்டைய ஏன் சித்தப்பா இங்க எறக்குறீங்க?"

"வேற எங்க? எங்க நைனா, தாத்தா, எல்லாரும் இந்தப் பள்ளத்துலதான வெந்தாங்க?"

"அப்போ கால் வெச்சா தண்ணி ஊறிச்சி. இந்த மண்ணு முழுக்க கோரைதான், இப்போ காஞ்சி கீது. தீ உள்ள எறங்கிடும்."

"மண்ணு எரியுமா? குழாய எட்டிப் பாத்த பைத்தியம் அண்ணனோட போச்சின்னு நெனச்சேன்."

"போன வருஷம் உங்க எருமைக்குக் கால் வெந்துச்சே, எதுல வெந்துச்சி?"

அப்போது யாரோ அறுவடை முடிந்த வயலில் அடித்தாளைக் கொளுத்தியதில் பள்ளத்தின் ஓரம் நாலு மாதம் ஜுவாலையில்லாமல் புகைந்தது. எருமை மிதித்த இடம் உள்ளே சரிந்தது. நைனா குடம் குடமாக ஊற்றியும் மழை வந்துதான் அணைந்தது.

சித்தப்பாவின் குரல் தழைந்தது. "சொந்த நெலத்துல அப்பனுக்கு எடம் தரலன்னு ஊரு பேசும்மா. நாளைக்கி உன் மனசே உன்ன கேக்கும். கொள்ளி நான் வெக்கிறேன். நெலம் உன் பேர்ல கீது, சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

வீட்டுப் பக்கமிருந்து பறை கேட்டது.

கோரைத்தண்டை, கிளறிய குழியில் படுக்க வைத்து, கருமண்ணை மேலே தள்ளி உள்ளங்கையால் அழுத்தினாள். குழாயின் மூடியைத் திருகினாள்.

"வேணாம் சித்தப்பா."

இறக்கிப்போட்டிருந்ததில் ஒரு கட்டையைத் தூக்கி, திரும்ப டிராக்டரில் வைத்தாள்.