வண்டி நிற்குமா?

ஒரு மாதமாக எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இன்னா ஸ்பீடு ஓடும்ணா?" என் வீட்டுக்காரர் தானியேலும் சலிக்காமல் பதில் சொன்னார். நிற்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆம்பளைகளுக்கு அந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது போலிருக்கிறது.

எங்கள் அம்பாசிடர் பழசு. உத்திரமேரூரில் வாடகைக்கு ஓடி ஓய்ந்து, பிறகு குடும்பத்துக்கென்று நிறுத்திக்கொண்ட வண்டி. மகள் ஷாரோனைப் பிரசவத்துக்கு அழைத்துவரும்போது பாலாற்றுப் பாலத்தில் ஏறமுடியாமல் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. வழியனுப்பப் பின்னாலேயே புதுக் காரில் வந்த சம்பந்தி ஜான் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். தள்ளிக்கொண்டே, "சம்பந்தி, இத்த இனிமே மாட்ட கட்டி இஸ்துக்கினு வாங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். பாவி, நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரன் பிறந்தான். மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் ஓரிக்கையில் சம்பந்தி வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். அதற்குள் இவர் வண்டியைப் பாண்டுரங்கனின் பட்டறையில் விட்டுவிட்டார். பழைய பெட்ரோல் இஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, உடைக்க வந்த ஒரு வேனின் பெரிய டீசல் இஞ்சினை அதில் இறக்கினார்கள். குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். இவர் ஆண்டவனுக்கே யோசனை சொல்கிறவர், கொம்பு வைத்துவிட்டார்.

இன்று காலை வண்டி வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டில் ஜெபம்தான். ஆனாலும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காத டிரைவரை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பாதிரியார் காதுக்கு எட்டாது என்ற தைரியம்தான். பாண்டுரங்கனே பழம் கொண்டுவந்து நாலு சக்கரத்துக்கும் வைத்தான். ஷாரோன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். அவளுடைய பை ஏற்கெனவே பின்சீட்டில் ஏறியிருந்தது.

வண்டி உறுமியது, பழம் நசுங்கியது. அதோடு நிற்கவேண்டிய வண்டி பாய்ந்துபோய், தெருக்குழாயடியில் இருந்த என் தண்ணீர் டிரம்மை உருட்டித் தள்ளிவிட்டுத்தான் நின்றது.

"பாய்ச்சல் பாத்தியா! புலி மாதிரி கீதுடா!" என்று தெருவே கை தட்டியது.

நான் பாய்ச்சலைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக அவர் முழங்காலைப் பார்த்தேன். அது இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. மூன்றாம் மிதிக்குத்தான் பிடித்தது. கல்யாணமான நாளாய் அவர் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் நான். பிரேக் பிடிக்கிற கால் எது, பிடிக்காத கால் எது என்று எனக்குத் தெரியும்.

அவர் ஒன்றும் நடக்காததுபோல் வண்டியைப் பின்னால் எடுத்து, பழைய இடத்தில் நிறுத்தி இறங்கினார்.

"இன்னாயா, பிரேக்கு புடிக்கலியா?"

"புது இஞ்சினுமே. கிளட்ச்சு இன்னும் பழகல."

"மூணு தபா மிதிச்சியே?"

"காலங்காத்தால பேஜார் பண்ணாத. பொண்ண ஏறச் சொல்லு, டைம் ஆவுது."

பாண்டுரங்கன் தலையைக் குனிந்துகொண்டு துணியில் கையைத் துடைத்தான். குளித்துவிட்டு வந்தவன் கையில் என்ன அழுக்கு இருக்கும்?

நேரே நடந்துபோய், டிரம் இருந்த இடத்தில் வண்டியைப் பார்த்து நின்றேன்.

"இன்னாமே பண்ற?"

"வண்டிய எடு. அங்கர்ந்து வந்து என் முன்னால நிறுத்து."

"பைத்தியமா உனக்கு? நவுரு."

"பிரேக்குல ஒண்ணும் இல்லன்ற இல்ல? நிறுத்திக் காட்டு. நானே பொண்ணையும் புள்ளையையும் ஏத்தி வுடறேன்."

இத்தனை பேர் பார்க்க, இவர் ரோஷத்தில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இஞ்சினின் அதிர்வு தரை வழியாக என் பாதத்தில் ஏறியது. பொய் சொல்லக்கூடாது, பயந்துவிட்டேன். இந்த மனுஷன் வீம்புக்கு வந்தாலும் வந்துவிடுவான். ஆனால் நகர்ந்தால் என் பேரன் அந்த வண்டியில் ஏறுவான். நகரவில்லை.

அவர் கை கியரில் இருந்தது. கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். பிறகு இஞ்சின் அணைந்தது.

"ஏன் அணைச்ச? ஓட்டுயா."

"வேணாம் செவ்வந்தி."

"நான் முன்னால நின்னா வேணாம். அவ உள்ள ஏறினா பரவால்லியா?"

பாண்டுரங்கன்தான் மெதுவாகச் சொன்னான். "அன்னிக்கே சொன்னேங்கா. இஞ்சினு பெருசு, பிரேக்கையும் சேத்து மாத்தணும், இன்னும் நாளாவும்னு. 'சொன்ன தேதில ஓரிக்கைக்குப் போயே ஆவணும், அப்பால பாத்துக்கலாம்'னாரு அண்ணன்."

ஷாரோன் வந்து பின்கதவைத் திறந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். "நைனா" என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அப்போது பார்த்து அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் சம்பந்தி குரல்.

"இன்னா சம்பந்தி, கெளம்பிட்டீங்களா? எல்லாம் வாசல்லயே காத்துக்கினு கீறோம்."

அவர் என்னைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார்.

"இல்ல சம்பந்தி. வண்டி ஓடல."

அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தார்கள். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, மாட்ட கட்டுங்கன்னு! இருங்க, நானே கார எடுத்துக்கினு வரேன்."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். உருண்டு கிடந்த டிரம்மைத் தூக்கி நிமிர்த்திக் குழாயடியில் வைத்தார். என்னைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தச் சிரிப்பை மறுபடி கேட்கக்கூடாது என்றுதானே அந்த மனுஷன் இத்தனையும் செய்தார் என்று எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஆத்திரம் ஆறவில்லை. பிள்ளை சிணுங்கியதும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். என் கால் நடுக்கம் மட்டும் நிற்கவே இல்லை.