சக்கரம் வைத்த ரம்பம்

கட்டடத்தோடு சேர்ந்தது கட்டடம், நகரக்கூடியது சாமான். சலுகை விதிகள் மொத்தம் பதினோரு பக்கம். மச்சானுக்கு அதில் இந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது.

விஷயம் இதுதான். கிராமங்களில் சின்னத் தொழில் நடத்துபவர்களுக்கு ஐந்து வருடத்துக்குக் கட்டட வரியில் பாதியைக் குறைப்பதாக எங்கள் ஊராட்சி ஒன்றியம் அறிவித்திருந்தது. தொழில் நடக்கும் கட்டடத்தின் மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. தகரக் கொட்டகைக்கு என்ன பெரிய மதிப்பு வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் தரையில் போல்ட் போட்டு முடுக்கிய இயந்திரத்தையும் கட்டடத்தோடு சேர்த்தே மதிப்பிடுவார்கள். விதி எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, என் கட்டடத்துக்குக் கதவே இல்லை என்று ஒருவன் சொல்லிவிடலாம். எங்கேயாவது ஒரு கோடு கிழிக்க வேண்டும். போல்ட்டில் கிழித்தார்கள்.

மச்சானின் மர அறுவைக் கொட்டகையில் அப்படி நான்கு போல்ட்டுகள். அவற்றைப் பதித்தவன் நான். எனக்கு ஃபிட்டர் வேலை. அக்காவைக் கட்டியவர் என்பதால் கூலி பேசாமல், மூன்றடி ஆழம் தோண்டி, கான்கிரீட் ஊற்றி, அது இறுகும்வரை எட்டு நாள் யாரையும் கிட்டே விடாமல் காத்தேன். இருபது வருடத்தில் அந்த ரம்பம் ஒரு நூல்கூட அசைந்ததில்லை.

"மாவு மில்காரன் சக்கரம் வெச்சுட்டான் மாப்ளே," என்றார் மச்சான். "மெஷினுக்குக் கீழ நாலு சக்கரம். சலுகை கெடச்சிருச்சு. அவன் மட்டும் என்ன, மேல இருந்து குதிச்சானா?"

"அவரு மெஷின் வேற, மச்சான்."

"மெஷின்னா மெஷின்தான். சுத்துது, கரண்ட் குடிக்குது."

இல்லை. மாவு மில்லில் படுத்திருக்கும் இரண்டு கல்லில் ஒன்று சுற்றுகிறது. பாரமெல்லாம் கீழ்நோக்கி இருக்கும். போல்ட் இல்லாவிட்டாலும் தின்று முடித்த மாடு மாதிரி இருந்த இடத்திலேயே கிடக்கும். வட்ட ரம்பம் நிமிர்ந்து நிற்பது. அதன் பற்கள் கட்டையைத் தள்ளிவிடுபவரின் பக்கமே கட்டையைத் திருப்பி உதைக்கும். அவரோ தன் முழு பலத்தோடு முன்னால் தள்ளுவார். இரண்டு விசையும் சேர்ந்து ரம்ப மேஜையை எதிர்ப்பக்கம் உந்தும். அந்த உந்துதலை வாங்கித் தரைக்குள் அனுப்புவதுதான் போல்ட்டின் வேலை. எதிர்ப்பக்கத்தில், அறுத்து வரும் பலகையைப் பிடித்து இழுப்பவள் என் அக்கா.

இதையெல்லாம் சொன்னேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார்.

"பத்து நாள் மாப்ளே. அதிகாரி பார்த்துட்டுப் போனதும் நீயே முடுக்கிடு. இப்ப ஏத்திருக்கிற புது வரியை முழுசாக் கட்டினா அடுத்த மழைக்குள்ள கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். அப்புறம் நானும் உங்கக்காவும் உன் வீட்டு வாசல்லதான் வந்து உக்காரணும். உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வெச்சுரு."

சரி என்றேன். மோட்டாரையும் ரம்பத்தையும் ஒரே இரும்புச் சட்டத்தில் ஏற்றினேன், இடையில் ஓடும் பெல்ட் தளராமல் இருக்க. சட்டத்துக்கு நான்கு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொடுக்க ஓர் இரும்பு ஆப்பு. நட்டைக் கழற்றிய போல்ட்டுகளின் முனைகள் மட்டும் சட்டத்துக்கு அடியில், தரையிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றன. உண்மையைச் சொன்னால், அந்தச் சட்டத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூலைமட்டம் வைத்தால் மயிரிழை பிசகாது.

பத்து நாளில் அதிகாரி வரவில்லை. இந்த மாதத்துக்குள் வருவோம் என்றுதான் மனுவுக்கு வந்த பதில் கடிதத்தில் இருந்தது. வேலையை நிறுத்தவும் முடியாது. ஓடாத தொழிலுக்குச் சலுகை கிடையாது.

நான் தினமும் வந்து சக்கரத்தை ஒட்டிச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டேன். முதல் நாள் மாலை, கோட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. மறுநாள் இரண்டு விரல். வைரம் பாய்ந்த கட்டை ஏறிய அன்று ஒரு சாண். ஆப்புகள் சக்கரங்களை விட்டு விலகவில்லை. ஆப்போடு சேர்ந்தே சட்டம் நகர்ந்திருந்தது. ஒவ்வொரு மாலையும் மூன்று பேருமாகப் பின்னால் இழுத்து வைப்போம்.

"தம்பி, இது என்னைப் பார்த்தே வருதுடா," என்றாள் அக்கா. "இருபது வருஷத்துல உன் மச்சான்கூட இப்படி என்னைத் தேடி வந்ததில்ல."

மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன். அவளுக்குப் பின்னால் பார்த்தேன். இரண்டடியில் பலகை அடுக்கு, அதன் பின்னால் சுவர்.

பதினாறாவது நாள் ஒரு கட்டையில் கணு இருந்தது. ரம்பம் அதில் மோதியதும் சட்டம் முழுவதும் குலுங்கித் திரும்பியது. மேஜை திரும்பினால் அறுத்த பிளவு கோணலாகும்; கோணலான பிளவு ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும்; கவ்வினால் ரம்பம் கட்டையைத் தூக்கி எறியும். அதுதான் நடந்தது. கட்டை மச்சானின் விலாவை உரசிப் போய்த் தகரத்தை நெளித்தது. ஓர் ஆப்பு அக்காவின் காலடியில் வந்து விழுந்தது.

நான் மோட்டாரை நிறுத்தினேன். ரம்பம் சுற்றி ஓய்ந்தது.

"ஆப்பு சின்னது," என்றார் மச்சான், சட்டையைத் தூக்கிச் சிராய்ப்பைப் பார்த்தபடி. "பெருசா ஒண்ணு பண்ணு."

"இன்னைக்கே போல்ட்டை மாட்டிடறேன் மச்சான்."

"நாளைக்கு அவங்க வந்து நின்னா?"

மறுநாளே வந்து நின்றார்கள். நடுவயதுப் பெண் அதிகாரி, தோளில் துணிப்பை. அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தார். சக்கரத்தைக் காலால் தட்டினார். குனிந்து செல்போன் வெளிச்சத்தைச் சட்டத்துக்கு அடியில் அடித்தார்.

"இது என்ன, நாலு முளை?"

"பழைய மெஷினோடதுங்க," என்றார் மச்சான்.

"அப்போ இப்பத் தேவையில்ல, இல்லையா?" அவர் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார். "ரெண்டு ஊர்ல நான் தெருமுனை தாண்டறதுக்குள்ள நட்டு மாட்டிட்டாங்க. உங்களைச் சொல்லல. தரைமட்டத்துக்கு அறுத்துடுங்க, நிக்கிறேன். அஞ்சு வருஷமும் சொல்லாமத்தான் வருவோம். அதுக்குச் சம்மதம்னு மனுவுலயே எழுதிக் கொடுத்துருக்கீங்க."

அறுக்கும் மெஷின் என் பையில்தான் இருந்தது. மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேடம், இந்த மாதிரி ரம்பத்துக்கு வந்து..."

"மாப்ளே," என்றார் மச்சான். அவ்வளவுதான் சொன்னார்.

"சொல்லுங்க," என்றார் அதிகாரி. அவர் உண்மையாகவே காத்திருந்தார். நல்ல மனுஷி, சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். புரிந்தபின் பொய் மனு என்று எழுதுவதைத் தவிர அவருக்கும் வழி இருந்திருக்காது. சலுகையும் போய், மேலே அபராதமும் வந்து, கொட்டகைக்கு அன்றே பூட்டு விழுந்திருக்கும்.

"வயர் இழுக்க ரெண்டு நிமிஷம் ஆகும்னு சொல்ல வந்தேன்," என்றேன்.

சட்டத்தை உருட்டி ஓரமாக வைத்தோம். மூன்று போல்ட்டுகள் சுலபமாகப் போயின. நான்காவதற்குக் கொஞ்சம் நேரமானது. பொறி பறந்து என் சட்டையில் ஓட்டை போட்டது. அறுத்த போல்ட்டை ஒட்ட வைக்க முடியாது. திரும்பவும் வேண்டுமென்றால் தரையை உடைத்து மூன்றடிக் கான்கிரீட்டையும் பெயர்த்தெடுக்க வேண்டும். சொல்லாமல் வரும் ஒருவரிடம் மறைக்கக்கூடிய வேலை இல்லை அது.

அதிகாரி விரலால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு கட்டை ஓட்டிக் காட்டுங்க. தொழில் நடக்குதுன்னு எழுதணும்."

மச்சான் இருந்ததிலேயே நல்ல கட்டையாகத் தேடி எடுத்தார், தடித்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் பக்கம் போனாள். நான் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

"நீ ஸ்விட்ச் பக்கம் போக்கா. நான் பிடிக்கிறேன்."

"உனக்கு இது பழக்கமில்லடா."

"பழகிக்கிறேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பின்னாலிருந்த பலகை அடுக்கைப் பார்த்தாள்.

"இன்னைக்கு மட்டுமா?" என்றாள் மெதுவாக.

அக்கா விலகிப்போய் மோட்டாரைப் போட்டாள். ரம்பத்தின் காற்று முகத்தில் அடித்தது. கட்டை ஏறியதும் பற்கள் கடித்தன. மேஜையின் விளிம்பு முதல் தடவையாக என் வயிற்றைத் தொட்டது. நான் பின்னால் ஓர் அடி வைத்தேன்.