ஒரு கரைப் புடவை

ராஜம்மாளைப் பார்த்துக்கொள்ள வந்த ஐந்தாவது ஆள் ஆதிலட்சுமி. முன்னால் வந்த நால்வரில் ஒருத்திதான் ஒரு மாதத்தைத் தாண்டினாள். கடைசியாக வந்தவள் நெற்றியில் குழம்புக் கிண்ணம் பட்டு, மாற்றுத் துணிப் பையைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டாள். இதையெல்லாம் முதல் நாளே சொன்னது அந்த வீட்டு மருமகள் கற்பகம். அவள் எதையும் ஒளிக்காதது ஆதிலட்சுமிக்குப் பிடித்திருந்தது.

அது 1983ஆம் வருஷம். ஆதிலட்சுமிக்குப் பத்தொன்பது வயது. படவேட்டுப் பக்கம் கூலிக்குப் போகும் குடும்பம். வேலூரில் ஒரு நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் விடுதியில் இடம் காலியாக ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து முதல் பஸ் கிளம்பும் நேரத்தில் வேலூரில் வகுப்பே ஆரம்பித்துவிடும். அந்தச் சமயத்தில்தான் ஆரணியில் பட்டுப் புடவை வியாபாரம் செய்யும் ஜெகநாதன், வாதம் வந்து படுத்துவிட்ட தன் அம்மாவுக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டாள். தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. விடியற்காலை பஸ் பிடித்தால் கண்ணமங்கலம் வழியாக நேரத்துக்கு வேலூர் போய்விடலாம். மத்தியானம் திரும்பி வந்ததிலிருந்து மறுநாள் காலை வரை ராஜம்மாள் அவள் பொறுப்பு.

ராஜம்மாளுக்கு இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டிருந்தன. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சைப் பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது.

"திருட்டுப் பூனை மாதிரி வந்து நிக்கிறா பாரு! ஒரு சத்தம் குடுத்துட்டு வரமாட்டியா?"

"கதவைத் தட்டிட்டுதான் வந்தேங்கம்மா."

"பொய் வேற சொல்றா."

சீப்பைக் காணோம் என்பாள். சீப்பு தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கும். எடுத்துக் கொடுத்தால், "இவ்ளோ நேரம் மடியில வச்சிகினு இருந்தியா?" என்பாள். நான்கு இட்லி வைத்தால் இரண்டைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி, "ரெண்டே ரெண்டு இட்லியில என்னைச் சாவடிக்கப் பாக்கறீங்களா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். தட்டில் மீதி இரண்டு இட்லி இருக்கும். கற்பகம் தட்டை எடுத்துக்கொண்டு போவாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய முடிவும்.

வேலையும் லேசானதல்ல. புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது, முதுகில் புண் வராமல் பவுடர் போடுவது. ராஜம்மாளின் உடம்பு முழுவதையும் ஆதிலட்சுமி தொடலாம். சமையலறைக்குள் மட்டும் போகக் கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் நாள் அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது கற்பகம் ஓடிவந்து சொம்பை வாங்கிக்கொண்ட வேகத்திலேயே அது புரிந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ராஜம்மாள் எறிந்த சூடான காபி அவள் மணிக்கட்டில் பட்டுக் கொப்புளித்தது. காபியை நீட்டியபோது ராஜம்மாள் திடுக்கிட்டதை அவள் பார்த்தாள். காற்றிலிருந்து வந்த மாதிரி டம்ளரைப் பார்த்து அலறிவிட்டுத்தான் தட்டிவிட்டாள். ஆனால் எரிச்சலில் அதை யோசிக்கத் தோன்றவில்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமையோட நின்னுக்கறேன்," என்றாள் கற்பகத்திடம்.

"நீயாவது மூணு வாரம் இருந்தியே," என்று கற்பகம் மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவிவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெகநாதன் ஒரு புடவையோடு உள்ளே வந்தான். நாற்பது வருஷமாக அந்த வீட்டுக்கு வரும் ஒவ்வொரு புடவையையும் தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் ராஜம்மாள். ஓர் இழை விட்டிருந்தாலும் விரல் வைத்துக் காட்டிவிடுவாள். அம்மாவுக்கு மனசு கொஞ்சம் இளகட்டும் என்று, தறியிலிருந்து இறங்கிய பச்சைப் புடவையை அவள் மடிமேல் அகலமாக விரித்தான். அரக்குச் சிவப்பில் இரண்டு பக்கமும் கரை.

ராஜம்மாள் வலது கையால் தடவிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"எவன்டா நெஞ்சது இது?"

"ஏம்மா, நல்லாத்தானே இருக்குது?"

"ஒரு கரைதான் இருக்குது. இன்னொரு கரை எங்க? ஒரு கரைப் புடவையை எவ கட்டுவா? என்னைப் பேஜார் பண்றதுக்குன்னே எடுத்துகினு வந்தியா?"

ஜெகநாதன் பெருமூச்சு விட்டுப் புடவையை மடிக்கப் போனான். ஆதிலட்சுமி, "கொஞ்சம் இருங்க மொதலாளி," என்றாள். அந்த வீட்டில் அவனிடம் அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் புடவையை இரு கையாலும் தூக்கி, இடது பக்கம் இருந்த கரை வலது பக்கம் வரும்படி திருப்பிப் போட்டாள்.

ராஜம்மாள் புதிதாக வந்த கரையைத் தடவினாள். "இது இருக்குது. அது எங்க போச்சு?"

ஆதிலட்சுமிக்குப் புரிந்தது. இது வீம்பில்லை. வீம்புக்குச் செய்கிறவளுக்கு இவ்வளவு துல்லியமாக வராது. இந்த அம்மாளுக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, அது இடது பக்கமாகவே நடக்கிறது.

அன்று ராத்திரி, இட்லி இரண்டு தீர்ந்து சண்டை தொடங்கப் போன நேரத்தில், ஆதிலட்சுமி தட்டைப் பாதிச் சுற்று திருப்பினாள். ராஜம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இதை எப்படி வச்ச?" என்று கேட்டுவிட்டு, சாப்பிட ஆரம்பித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆதிலட்சுமி வேலையிலிருந்து நிற்கவில்லை. கற்பகம் கேட்டதற்கு, "இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன்க்கா. ஒரு விஷயம் தெரிஞ்சிக்கணும்," என்றாள்.

வகுப்பு முடிந்ததும் அவள் ஆசிரியை அபிதகுசாம்பாளிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கண்ணு செக் பண்ணாங்களா?"

"கண்ணு நல்லா இருக்குதுங்க சிஸ்டர். தூரத்துல காலண்டர்ல தேதி படிக்கிறாங்க."

"எனக்குத் தெரியலைம்மா. படிச்ச ஞாபகமும் இல்லை. நீ பாக்கறதை எல்லாம் எழுதிகினு வா. பெரிய டாக்டர் வந்தா கேட்டுடலாம்."

தெரியவில்லை என்று ஓர் ஆசிரியை சொன்னது ஆதிலட்சுமிக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படியானால் இதைக் கண்டுபிடிக்க வேண்டியது அவள்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தாள். சீப்பு எங்கே இருந்தபோது தெரியவில்லை, எங்கே வைத்தபோது தெரிந்தது. எந்தப் பக்கமாகப் போனால் திட்டுகிறாள், எந்தப் பக்கமாகப் போனால் வா என்கிறாள். காலண்டரில் இருபத்திரண்டாம் தேதியைக் கேட்டால் "ரெண்டு" என்றுதான் சொன்னாள். கதவு கட்டிலுக்கு இடது புறம் இருந்தது. உள்ளே வந்த நான்கு பெண்களும் அவளுக்கு வெறும் காற்றிலிருந்து முளைத்தவர்களாகத்தான் தெரிந்திருப்பார்கள். ஆதிலட்சுமி அந்தக் கட்டிலில் தான் படுத்திருப்பதாக நினைத்துப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது.

கட்டிலைத் திருப்பிப் போடலாமா என்று கேட்டாள். "வடக்க தலை வச்சிப் படுக்க வைப்பாங்களா?" என்று ஜெகநாதன் அதட்டினான். "கிழக்க வைக்கலாமே," என்றாள் கற்பகம். கிழக்கே தலை வைத்துப் போட்டார்கள். கதவு நேர் எதிரே வந்தது. யார் வந்தாலும் ராஜம்மாள் பார்த்தாள். அந்த வாரம் வீட்டில் எதுவும் உடையவில்லை.

பெரிய டாக்டர் ஒரு நாள் வகுப்புக்கு வந்தபோது ஆதிலட்சுமி நோட்டைக் காட்டினாள். மூளையின் வலது பக்கம் அடிபட்ட சிலருக்கு இப்படி ஆவது உண்டு, கண் பார்க்கும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தோன்றாது என்றார். மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்துவிட்டது. ராஜம்மாளுக்குத்தான் தெரியாது. சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலை வாரிவிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அம்மா, உங்களுக்கு இடது பக்கம் தெரியறதில்லைங்க."

"எனக்கு எல்லாம் தெரியுதுடி."

"இது யாரு கை சொல்லுங்க." செயலற்ற இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டினாள்.

ராஜம்மாள் பார்த்தாள். "உன்னுதுதான். வேற யாருது?"

ஆதிலட்சுமி வாதாடவில்லை. ராஜம்மாளின் வலது கையைப் பிடித்து, அவளுடைய இடது தோளில் வைத்தாள். "இது உங்க தோளுதானே? அப்படியே வாங்க." வலது கை மெதுவாக இறங்கியது. முழங்கை. மணிக்கட்டு. கழற்ற முடியாமல் இறுகிப்போன பழைய தங்க வளையல். ராஜம்மாளின் விரல்கள் அங்கே நின்றன. அந்த வளையலைச் சுற்றிச் சுற்றித் தடவின.

"இது எப்ப இப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

"எட்டு மாசம் ஆச்சுங்கம்மா."

ராஜம்மாள் அழுதாள். வாதம் வந்த நாளிலிருந்து அவள் அழுததே இல்லை என்று கற்பகம் பிறகு சொன்னாள். அன்றும் மறுநாளும் அவள் சாப்பிடவில்லை, திட்டவுமில்லை. கற்பகத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. "கத்திகினாவது இருந்தாங்க. நீ இன்னா பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டாள். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை ஆதிலட்சுமியுடையது. அதன் வலியை அந்த அம்மாள்மேல் இறக்கிவிட்டோமோ என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்தாள்.

மூன்றாம் நாள் ராஜம்மாளே கூப்பிட்டாள்.

"அந்தப் பச்சைப் புடவை வித்துப்போச்சா? இருந்தா எடுத்துகினு வா."

விரித்ததும் சொன்னாள்: "முடியுற எடம் எனக்குத் தெரியாதுன்றியே. அப்போ முடியுற எடத்துல ஒரு மஞ்ச நூலு கட்டு. மஞ்சளைப் பாக்கற வரைக்கும் தேடிகினே போறேன்."

இது ஆதிலட்சுமிக்குத் தோன்றியிருக்கவே இல்லை. கட்டினாள். ராஜம்மாள் வலது கரையிலிருந்து ஆரம்பித்துக் கையை நகர்த்தினாள். பாதியில் நின்றாள். "இல்லையே." "இன்னும் போங்கம்மா." தலையைத் திருப்பினாள், கழுத்து வலிக்கத் திருப்பினாள். மஞ்சள் வந்தது. பக்கத்தில் கரை.

"இருக்குதுடி!" என்று கத்தினாள். வாசலில் தறிக்கான நூலைப் பாவாக நீட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதன்பிறகு சாப்பாட்டுத் தட்டின் ஓரத்திலும் தலையணையிலும்கூட மஞ்சள் நூல் வந்தது. சில நாள் தேடுவாள், சில நாள் மறந்துவிட்டுப் பழையபடி கத்துவாள். எப்போது மறக்கிறாள் என்பதையும் ஆதிலட்சுமி எழுதினாள். களைத்துப் போனால் மறக்கிறாள் என்று தெரிந்தது.

தையில் விடுதியில் இடம் காலியாகிவிட்டது என்று கடிதம் வந்தது. இனி விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும்; பத்து நாளுக்குள் வந்து சேராவிட்டால் பள்ளி இடமே வேறொருத்திக்குப் போகும்.

ஜெகநாதனுக்குக் கோபம். "எங்கம்மாவை வச்சிதான் நீ கத்துகினே. டாக்டருகிட்ட பேரும் வாங்கிகினே. இப்போ பாதியில விட்டுட்டுப் போறியா? அடுத்த வருஷம் படியேன்."

"அடுத்த வருஷம் எனக்கு சீட்டு இருக்காதுங்க மொதலாளி." "அவங்களை வச்சிதான் கத்துகினேன், இல்லைன்னு சொல்லலை. அதுக்காக இங்கயே இருந்துட முடியாதுங்க. நான் நர்ஸாவணும்."

"அவ போவட்டும்," என்றாள் கற்பகம். கணவன் முன்னால் அவள் குறுக்கே பேசி ஆதிலட்சுமி கேட்டதில்லை. "தட்டைத் திருப்பறதுக்கும் நூலு கட்டறதுக்கும் எனக்குக் கை இல்லையா?"

அந்தப் பத்து நாளும் கற்பகம் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பழகினாள். ராஜம்மாள் மட்டும் ஆதிலட்சுமியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கிளம்பிய அன்று, "போய்ட்டு வரேங்கம்மா," என்றபோது, "எதுக்கு வரணும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலூர் வரை ஆதிலட்சுமிக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை.

ஆடி மாதம் மூன்று நாள் லீவு கிடைத்தது. ஊருக்குப் போகும்முன் ஆரணியில் இறங்கினாள். விரட்டினால் விரட்டட்டும், என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருக்க முடியவில்லை.

ராஜம்மாள் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புடவை. நடக்க முடியவில்லை. ஆனால் மாதத்துக்கு நாலைந்து புடவை பார்க்கிறாளாம். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று நெசவாளர்கள் முணுமுணுக்கிறார்களாம். கற்பகம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ராஜம்மாள் நிமிர்ந்தாள்.

"இளைச்சிட்ட. அங்க சோறு போடறதில்லையா?"

அவளுடைய கோபம் எங்கே போயிற்று என்று ஆதிலட்சுமிக்குத் தெரியவில்லை.

"உன் ஆஸ்பத்திரியில என்னை மாதிரி வேற யாராவது கீறாங்களா?"

"உங்களை மாதிரி இல்லைங்கம்மா. ஆனா நான் பயிற்சிக்குப் போற வார்டுல ஒருத்தர் இருக்காரு. அவருக்குப் பேச்சே வராது. தண்ணி வேணும்னுகூடச் சொல்ல முடியாது. ஆனா பாட்டுப் பாடறாரு. கூத்துப் பாட்டு, சாமிப் பாட்டு, ஒரு வார்த்தை தப்பாம."

ராஜம்மாள் புடவையை ஓரமாகத் தள்ளினாள். "பேச்சு வராதவன் எப்படிடி பாடுவான்?"

"அதான் தெரியலைங்க. அவரு பொண்டாட்டி தெனமும் வந்து உக்காந்துகினு, எம்பேரைச் சொல்லு, எம்பேரைச் சொல்லுன்னு கேக்கறாங்க. வாயைத் திறக்கறாரு, வரமாட்டேங்குது. அந்தம்மா அழுதுகினே போறாங்க."

"அவ பேரு இன்னா?"

"பச்சையம்மாள்."

ராஜம்மாள் அந்தப் பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பச்சையம்மன் பாட்டு பாடச் சொல்லிப் பாத்தியா?"

அந்த வார்டில் இரண்டு டாக்டர்களும் ஐந்து நர்ஸ்களும் இருந்தார்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"பாக்கலைங்கம்மா."

"அப்போ இங்க இன்னா பண்ணிகினு இருக்க?"

ஊரில் ஒரே ஒரு நாள் தங்கிவிட்டு, லீவு மிச்சமிருக்கும்போதே அவள் வேலூர் பஸ் ஏறினாள். அந்த மனிதரை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். கண்ணமங்கலத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அவளுக்குப் பச்சையம்மன் பாட்டில் முதல் இரண்டு வரிதான் தெரியும். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணிடம், "பச்சையம்மன் பாட்டு உங்களுக்கு முழுசா வருமாங்க?" என்று கேட்டாள்.